அதிகாரி எந்த உருண்டையைச் சாப்பிட்டார்?

மத்திகிரிக்குப் போகிற சாலையில் இருக்கிற நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். ஒருத்தி வாசிப்பாள், மற்றவர்கள் கேட்போம். எனக்கும் வாசிக்க வரும். ஐம்பது வயதுக்கு மேல் முதியோர் வகுப்பில் கற்றுக்கொண்ட எழுத்து. நான் ஒரு பக்கத்தை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் மற்றவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும் என்பதால் கேட்கிற கூட்டத்தில் இருந்துகொள்கிறேன்.

போன மாதம் ஒரு கதை வாசித்தார்கள். இனிமேல் வரப்போகிற காலத்தில் நடக்கிற கதை. அந்த நாட்டில் எல்லோரும் சமம். வீடு ஒன்றுபோல, துணி ஒன்றுபோல, சோறு ஒன்றுபோல. கேட்கக் கேட்க நெஞ்சை அடைக்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். வாசித்து முடித்த டீச்சர், "முழுச் சமத்துவம் நமக்கு வேணுமா, வேண்டாமா? ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். எல்லோரும் வேண்டாம் என்றார்கள். ஒருத்தி, "எங்க கம்பெனி கேன்டீன் மாதிரியே இருக்குதுங்க டீச்சர்" என்று சொல்லிச் சிரிக்க வைத்தாள்.

என் முறை வந்தது. "அந்த நாட்டுல சோறு அளந்து போட்டவன் எவ்ளோ தின்னான்னு கதையில இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

டீச்சர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். இல்லை என்றார்.

"அப்ப அது சமமான நாடு இல்லீங்க. அதைக் காட்டிச் சமம் வேண்டாம்னு என்னைச் சொல்லச் சொல்லாதீங்க" என்றேன்.

எனக்கு ஏதோ பெரிய படிப்பு இருப்பதாக அன்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை. இதே கேள்வியை என்னுடைய இருபதாவது வயதில், ஊர் கூடிய இடத்தில், எழுந்து நின்று கேட்டவள் நான். அன்றைக்கும் பதில் வரவில்லை. எழுதிக்கொண்டு வாருங்கள் என்று டீச்சர் சொன்னார். மெதுவாகத்தான் எழுதுவேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

எல்லோருக்கும் ஓட்டு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். அப்போது ஓட்டுப் போட இருபத்தொரு வயது ஆக வேண்டும்; எனக்கு இன்னும் ஆகவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஆகியிருந்தது. நாங்கள் வேலை செய்த பெரிய வீட்டுக்காரருக்கு இது ஒரு பெரிய குறை. "எனக்கும் ஒரு ஓட்டு, என் களத்துல கல்லுருளை ஓட்டுறவனுக்கும் ஒரு ஓட்டாம்" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். கல்லுருளை ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர்தான். அவர் அதைக் கேட்டுவிட்டு மாட்டைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்.

களம் என்றால் ராகி அடிக்கிற களம். இப்போது அந்த இடத்தில் ஒரு கம்பெனியின் மதில் நிற்கிறது. நிற்கட்டும். அந்தக் களத்தை நினைத்து ஏங்குகிறவள் நான் இல்லை. தை மாதம் பிறப்பதற்கு முன்னாலேயே கதிர்ப்போரைப் பிரித்து வட்டமாகப் பரப்பி, மாடு கட்டி அதன்மேல் கல்லுருளையை ஓட்டுவார்கள். உருளை ஓட்டுவதும் மாடு பார்ப்பதும் ஆண்கள். கதிரைப் புரட்டிப் போடுவது, வைக்கோல் உதறுவது, கூட்டுவது, தூற்றுவது, சுமப்பது எல்லாம் பெண்கள். மத்தியானம் எல்லோருக்கும் களத்திலேயே களி. அந்தக் களியைக் கிண்டுவது என் வேலை.

களி கிண்டுவது எல்லோருக்கும் வராது. உலை கொதிக்கும்போது மாவை நடுவில் கொட்டி, துடுப்பால் குழி குத்தி, வெந்ததும் குண்டானை இறக்கிக் காலால் அணைத்துக்கொண்டு கிண்ட வேண்டும். ஒரு கட்டி இருக்கக் கூடாது. நான் கிண்டினால் கட்டி இருக்காது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். கையைத் தண்ணீரில் நனைத்துப் பலகையில் உருட்டினால் முட்டை ஓடு மாதிரி வழவழவென்று வரும்.

உருட்டுவதில் இரண்டு அளவு உண்டு. ஆம்பளை உருண்டை இரண்டு கை நிறைய. பொம்பளை உருண்டை ஒரு கை. யார் வைத்த அளவு என்று யாருக்கும் தெரியாது. பெரிய வீட்டுக்காரரின் அப்பா காலத்திலும் அதுதான் என்பார்கள். கிண்டுகிறவளுக்கு உருண்டையே கிடையாது. எல்லோரும் தின்று எழுந்த பிறகு குண்டான் அடியில் ஒட்டியிருக்கிற காந்தலைச் சுரண்டித் தின்ன வேண்டும். மற்றவர்கள் என்னைப் பார்த்துப் பாவம் என்பார்கள். எனக்கோ காந்தல் என்றால் உயிர். கருகலும் மொறுமொறுப்புமாக, அவரைக்காய்ச் சாற்றில் தோய்த்துத் தின்றால் எந்த உருண்டையும் அதன் பக்கத்தில் வர முடியாது. இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

என் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி களத்தில் கூட்டுகிற வேலை செய்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். என்னை வதினா என்று கூப்பிடுவாள்; அண்ணி என்று அர்த்தம். ரத்த சொந்தம் இல்லை, வாய்ச் சொந்தம்தான். மூன்று மாதப் பெண் குழந்தையைப் புங்க மரத்துத் தூளியில் போட்டுவிட்டு வேலை பார்ப்பாள். அதற்கு முன்னால் பிறந்தது பால் பற்றாமல் ஐந்தாம் மாதம் போய்விட்டது. இதுவும் அதே மாதிரி வாய் வைக்கும், இழுக்கும், விட்டுவிட்டு அழும். அப்போது எனக்குப் பிள்ளை இல்லை. எனக்கே அந்த அழுகை புரிந்தது. பால் இல்லாத மாரைச் சப்புகிற பிள்ளையின் அழுகை அது.

அவளுக்குப் பொம்பளை உருண்டை பற்றாது என்று தெரிந்து, நான் நாலு நாள் கொஞ்சம் பெரிதாக உருட்டிப் போட்டேன். ஐந்தாம் நாள் காரியஸ்தர் பார்த்துவிட்டார். பெரிய வீட்டுக்காரருக்காகக் களத்தை மேய்ப்பவர் அவர். நேராக வந்து குனிந்தார்.

"என்னாம்மே இது? ஆம்பளை உருண்டையா, பொம்பளை உருண்டையா?"

"பால் குடுக்கிற உருண்டைங்க" என்றேன்.

"அப்படி ஒரு உருண்டை இந்தக் களத்துல கெடையாது" என்றார். அவள் இலையிலிருந்த உருண்டையில் மூன்றில் ஒரு பங்கை விரலால் கிள்ளி எடுத்து என் குண்டானில் போட்டார். அவள் காரியஸ்தரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. அந்தக் களி விழுந்த குண்டானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் பெரிய வீட்டுக்காரரிடம் போனேன். "பொம்பளைங்களுக்கும் ஆம்பளைங்களுக்கும் ஒரே அளவாப் போடச் சொல்லுங்க எசமான்" என்றேன்.

அவர் கோபக்காரர் இல்லை. சிரித்தார். "எல்லாரும் சமமா? நல்ல சமயத்துல வந்த போ. தம்பி அதப் பத்தித்தான் நாடகம் எழுதியிருக்கிறான். மாட்டுப் பொங்கலன்னிக்கு நம்ம களத்துலயே போடறான். பாத்துட்டு அப்புறம் வந்து கேளு."

அவர் தம்பி பெங்களூரில் காலேஜ் படிப்பவர். எங்களுக்குச் சின்ன எசமான். நல்ல மனசுக்காரர், பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுவார். மறுநாளே என்னைத் தேடி வந்தார். கையில் மரத்தில் கடைந்த ஒரு கிண்ணம்.

"இந்தக் கிண்ணத்துல அமுக்கி எடுத்து நாப்பது உருண்டை வேணும்மா. எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். நாடகத்துல வர்ற நாட்டுல இதான் எல்லாருக்கும் சாப்பாடு. கிண்ணத்தைச் சின்னதாக் கடையச் சொன்னேன். உருண்டையப் பாத்ததுமே ஜனங்களுக்கு ஐயோன்னு இருக்கணும்."

மாட்டுப் பொங்கலன்று காலையில் முதல் உருண்டையைக் கிண்ணத்தில் அமுக்கிப் பலகையில் கவிழ்த்தேன். பார்த்தேன். பக்கத்தில் கையால் ஒரு பொம்பளை உருண்டை உருட்டி வைத்தேன். மறுபடியும் பார்த்தேன். கிண்ணத்து உருண்டை ஆம்பளை உருண்டையைவிடச் சின்னதுதான். ஆனால் பொம்பளை உருண்டையைவிட ஒன்றரை மடங்கு பெரிது.

பாவம், சின்ன எசமான் அரிசிச் சோறு தின்று வளர்ந்தவர். களத்துப் பக்கம் வந்தால் ஆம்பளைகள் தின்பதைப் பார்த்திருப்பார். பொம்பளை உருண்டை என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. நாற்பதையும் ஒன்றும் சொல்லாமல் கவிழ்த்து வைத்தேன்.

மத்தியானமே நாடகம். ஆண்கள் களத்தின் நடுவில், பெண்கள் வைக்கோல் போர் ஓரமாக. நாட்டின் பேர் சமபுரி. நூறு வருஷம் கழித்து நடப்பதாகச் சொன்னார்கள். எல்லோருக்கும் சாக்குத் துணி. எல்லோருக்கும் ஒரே பேர், குடியான். ஒருவன், "குடியானே" என்று கூப்பிட்டால் மேடையில் இருக்கிற எல்லோரும் திரும்புவார்கள். களமே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல நாடகம்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். கண் தெரியாதவரும் முறை வைத்து மாடு மேய்க்க வேண்டும். பிள்ளை பெற்றவள் தன் பிள்ளையை மட்டும் தூக்கினால் குற்றம். அப்போது என் பக்கத்தில் இருந்த பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

சோறு போடுகிற அதிகாரி கிண்ணத்தோடு வந்தார். அதிகாரி வேஷம் நம்ம காரியஸ்தருக்கு. வேஷம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, தலையில் ஒரு தொப்பி. குழந்தைக்கும் ஒரு உருண்டை, பயில்வானுக்கும் ஒரு உருண்டை. குழந்தை தின்ன மாட்டேன் என்று அழ, அதிகாரி வாயில் திணிக்கிறார். பயில்வான் உருண்டையைக் கையில் தூக்கிப் பிடித்து, "இது எந்த மூலைக்கு?" என்று புலம்பி, தேய்ந்து தேய்ந்து, அதே உருண்டையைப் பிடித்தபடி செத்து விழுகிறான்.

ஆண்கள் பக்கம் அமைதி. ஒரு ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் பக்கமும் அமைதிதான். ஆனால் அது வேறு அமைதி. எல்லோர் கண்ணும் செத்தவன் கையில் இருந்த உருண்டைமேல் இருந்தது. வதினா என்று கூப்பிடுகிறவள் என் காதோரம் குனிந்தாள்.

"வதினா, சமபுரிக்கு எந்தப் பக்கம் போவணும்?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மடியில் குழந்தை, சப்பிச் சப்பிக் களைத்துத் தூங்கிப்போயிருந்தது.

நாடகம் முடிந்து பெரிய வீட்டுக்காரர் மேடை ஏறினார். "எல்லாரும் பாத்தீங்களா? சமம் சமம்னு பேசறாங்களே, அது வந்துதுன்னா இதான் கதி. ஆளுக்கேத்த மாதிரி, தரத்துக்கேத்த மாதிரி இருக்கிறதுதான் நாடு" என்றார். கை தட்டினார்கள். என் வீட்டுக்காரரும் தட்டினார்.

நான் எழுந்தேன். ஊர் கூடிய இடத்தில் பொம்பளை எழுந்தால் ஏதோ குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைப்பார்கள். "என்னாம்மே, யாருக்கு என்னா?" என்று ஒருவர் கேட்டார்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. சின்ன எசமான ஒண்ணு கேக்கணும். சமபுரியில எல்லாருக்கும் கிண்ணத்துல போட்டாரே அதிகாரி, அவரு எந்த உருண்டையச் சாப்பிட்டாரு?"

சின்ன எசமான் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். "அதிகாரி சாப்பிடற காட்சி நாடகத்துல இல்லையேம்மா."

"அதாங்க கேக்கறேன்."

பெரிய வீட்டுக்காரர், "நாடகத்த நாடகமாப் பாத்துட்டுப் போவணும்" என்றார்.

"நீங்கதான எசமான் பாத்துட்டு வந்து கேளுன்னீங்க. பாத்துட்டேன், கேக்கறேன். திரைக்குப் பின்னாடி அதிகாரிக்குச் சாப்பாடு போட்டது நானு. ஆம்பளை உருண்டை ரெண்டு, நெய் ஊத்தி. தொப்பியக்கூடக் கழட்டாமச் சாப்பிட்டாரு."

களம் வெடித்துச் சிரித்தது. காரியஸ்தர் அப்போதுதான் தொப்பியைக் கழற்றினார். பெண்கள் பக்கத்திலிருந்து வந்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது; முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளாமல் சிரித்தார்கள். சின்ன எசமான் மட்டும் சிரிக்கவில்லை. "அத நான் யோசிக்கல" என்றார், மெதுவாக.

வீட்டுக்குப் போகிற வழியில் என் வீட்டுக்காரர் பத்தடி முன்னால் நடந்தார். நானும் எட்டி நடக்கவில்லை.

அதற்கு நாலாம் நாள், அந்த வருஷத்து முதல் ராசி. தூற்றி முடித்த ராகியைக் களத்து நடுவில் மலை மாதிரி குவித்து, சாணிப் பிள்ளையார் வைத்துக் கும்பிடுகிற நாள். அன்று மட்டும் பெரிய வீட்டுக்காரரும் தம்பியும் காரியஸ்தரும் ஆட்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து களி தின்ன வேண்டும். வரிசையில் கடைசி ஆள் தின்று முடிக்கிற வரைக்கும் யாரும் எழக் கூடாது. எழுந்தால் ராசிக்கு அவமானம், அடுத்த போகம் விளையாது என்பார்கள். சமபுரிக் கிண்ணம் என்னிடமே இருந்தது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

எல்லோருக்கும் கிண்ணத்தில் அமுக்கியே போட்டேன். பெண்கள், ஆண்கள், காரியஸ்தர், சின்ன எசமான், பெரிய வீட்டுக்காரர், எல்லோர் இலையிலும் ஒரே உருண்டை. ஆண்கள் இலையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் உருளையின் பின்னால் விடியற்காலை முதல் நடந்தவர், ஊரிலேயே பெருந்தீனிக்காரர். நாலு வாயில் உருண்டை முடிந்தது. நான் பக்கத்தில் சாறு ஊற்ற வந்தபோது தலையைத் தூக்காமல் சொன்னார்:

"கட்டிக்கிட்டவன் வயித்துலயே கை வெச்சிட்டயேம்மே."

எனக்குச் சுருக்கென்றது. மறைக்காமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் கிண்ணத்தைத் தூக்கி எறியலாமா என்று இருந்தது. பெண்கள் வரிசையிலும் எல்லாம் சரியாக இல்லை. பல் இல்லாத கிழவி ஒருத்தி, பாதியைத் தின்ன முடியாமல் யாருக்கும் தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். என் பக்கத்து வீட்டுக்காரி இலையை வழித்துத் தின்றுவிட்டு விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதுவும் பற்றவில்லை.

சின்ன எசமான் எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார். "பாத்தயாம்மா? குழந்தைக்கு அதிகம், பயில்வானுக்குக் கம்மி. என் நாடகத்துல சொன்னதுதான் நடக்குது" என்றார். கேலி இல்லை அவர் குரலில். பரீட்சையில் கணக்குச் சரியாக வந்த மாதிரி ஒரு சந்தோஷம்.

"நடந்தது வாஸ்தவம்தாங்க. கிண்ணம் தப்பு. அதுக்காவ பழைய அளவு சரின்னு ஆயிடாது" என்றேன். கிண்ணத்தைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வரிசையில் முதல் ஆளிடம் போனேன்.

"உனக்கு இன்னும் எவ்ளோ வேணும்?"

"இருக்கறதப் போடு" என்றாள்.

அடுத்தவளும் அதையே சொன்னாள். அடுத்தவளும். அந்தக் காலத்தில் ஒரு பொம்பளை, எனக்கு இவ்வளவு பசிக்கிறது என்று வாயால் சொல்வது துணி விலகின மாதிரி வெட்கம். காரியஸ்தர், "அவளுங்களுக்கே வேண்டாமாம், இவளுக்கு என்னா வந்துது" என்றார். கிழவிதான் முதலில் வாய் திறந்தாள். "எனக்குப் பாதி உருண்டை போதும்டி. முடிஞ்சு வெச்சிருக்கறத வேணும்னா எடுத்துக்க" என்று முந்தானையை அவிழ்த்துக் காட்டினாள்.

பக்கத்து வீட்டுக்காரி முன்னால் வந்து நின்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எவ்ளோ?"

"வேண்டாம் வதினா, விடு."

"விட மாட்டேன். சமபுரிக்கு வழி கேட்டயே. எவ்ளோ?"

நின்றேன். களி ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் எழ முடியாது, ராசி முன்னால் இருக்கிறது. மரத்தடியில் குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. அவள் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"ஆம்பளை உருண்டை ஒண்ணு" என்றாள். பிறகு, "அதுக்கு மேல ஒரு கை."

ஆண்கள் வரிசையில் ஒருவர், "ஏன் தங்கச்சி, கல்லுருளையில உன்னக் கட்டப் போறாங்களா?" என்றார். சிரித்தார்கள்.

"ரெண்டு உசுர இழுக்கறேன்ணா" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு பெண்கள் ஒவ்வொருத்தியும் சொன்னாள். ஆண்களையும் கேட்டேன். என் வீட்டுக்காரர், "ரெண்டு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். காரியஸ்தர் தனக்கு வேண்டாம் என்றார். கடைசியில் பெரிய வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றேன்.

"எசமான், உங்களுக்கு எவ்ளோ?"

அவரை யாரும் அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. ஆட்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள். அவர் இலையில் இருந்த களியில் கால்வாசிகூடக் குறையவில்லை. "எனக்கு வயித்துப் புண்ணு. இதுவே ஜாஸ்தி. பொம்பளை உருண்டை இருந்தாப் போதும்" என்றார்.

இப்போதும் அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, கூடவே கோபமும் வருகிறது. நாங்கள் தின்பதால் அவருக்கு ஒரு வாய் குறைந்துவிடவில்லை. அந்தக் களி அவருக்கு வேண்டவே வேண்டாம். அளவு யார் கையில் என்பது மட்டும்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

குண்டானில் இருந்தது எல்லோருக்கும் போதுமானதா என்று கேட்பீர்கள். பற்றவில்லை. கடைசி நாலு பேருக்குக் களி இல்லை. இன்னொரு உலை வைத்தேன். அது கொதித்து, மாவு வெந்து, கிண்டி முடிக்கிற வரைக்கும் பெரிய வீட்டுக்காரர் முதல் எல்லோரும் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ராகிக்குப் பஞ்சமா அங்கே? அவர்கள் முகத்துக்கு நேராக மலை மாதிரி கிடந்தது.

என்னைச் சும்மா விட்டுவிடவில்லை. மறுநாள் களத்துக்குப் போனதும் காரியஸ்தர் துடுப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு விளக்குமாற்றைக் கொடுத்தார். பெரிய வீட்டுச் சமையல்காரி அடுப்பில் உட்கார்ந்திருந்தாள். சின்ன எசமான் பெங்களூருக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது என்னிடம் வந்து, அதிகாரி சாப்பிடுகிற காட்சி ஒன்றைச் சேர்க்கப் போவதாகச் சொன்னார். சேர்த்தாரா, தெரியாது. நான் கேட்கவும் இல்லை. கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். வெகுகாலம் அதில் உப்புப் போட்டு வைத்திருந்தேன்.

துடுப்புப் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. காந்தலும் கூடவே போனது. டீச்சர், நீங்கள் கேட்ட கேள்விக்கு இதையும் சேர்த்து எழுதுகிறேன். எல்லோருக்கும் எல்லாம் ஒன்றுபோல என்று நாளைக்கு ஒரு நாடு வந்து, என் காந்தலைச் சமமாகப் பிரிக்கிறேன் என்றால் கொடுக்க மாட்டேன். அது என் நாக்கு. கிழவிக்குப் பாதி, என் வீட்டுக்காரருக்கு இரண்டு, எனக்குக் காந்தல். ஆனால் கேட்காமல் அளக்கிற கையை, அது பழைய அளவானாலும் சரி, புதுக் கிண்ணமானாலும் சரி, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சமம் என்றால் பயம் வருகிற மாதிரி எத்தனை கதை வேண்டுமானாலும் எழுதட்டும். எழுதுகிறவர்கள் தங்கள் வீட்டில் சின்ன உருண்டை யார் இலையில் விழுகிறது என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

துடுப்புப் போன அன்று மத்தியானம் நானும் முதல் முதலாகப் பெண்கள் வரிசையில் உட்கார்ந்தேன், பக்கத்து வீட்டுக்காரிக்குப் பக்கத்தில். சமையல்காரி உருண்டைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே காரியஸ்தர். பழையபடி ஒரு கை உருண்டை என் பக்கத்து வீட்டுக்காரி இலையில் விழுந்தது. அவள் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"தின்னு" என்றார் காரியஸ்தர்.

"கேட்டுட்டுப் போடச் சொல்லுங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். என் கையும் மடியில் இருந்தது. கிழவி கை மடியில். வரிசை முழுக்கக் கைகள் மடியில். எதிர் வரிசையில் ஆண்கள் பிசைந்த கையோடு நிறுத்திவிட்டார்கள். என் வீட்டுக்காரர் தன் இலையை ஒரு சாண் முன்னால் தள்ளி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். மாடு பூட்டுகிற நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. பொழுது இறங்கினால் அன்றைய கதிர் அப்படியே கிடக்கும்.

காரியஸ்தர் பெரிய வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து யாரும் வரவில்லை. சமையல்காரிதான் முதலில் தட்டைக் கீழே வைத்தாள். அவளும் நாலு பிள்ளை பெற்றவள்.

"எவ்ளோ வேணும்டியம்மா உனக்கு?" என்றாள்.

என் பக்கத்து வீட்டுக்காரி இந்த முறை தலையைக் குனியாமல் சொன்னாள். சமையல்காரி போட்டாள். இன்னொரு கை கேட்டாள், அதையும் போட்டாள். மூன்றாவது முறை சமையல்காரி களியோடு கையை நீட்டியபோது அவள் இலைக்கு மேல் கையை விரித்து மறித்தாள்.

"சாலு" என்றாள். தெலுங்கில் போதும் என்று அர்த்தம். அவ்வளவு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் அந்தச் சொல்லை அவள் வாயால் நான் அன்றுதான் கேட்டேன்.